முறுக்குச் சத்தம் நின்ற படங்கள்

7-9, சனி

இந்த நோட்டு ரிஸ்வானா டீச்சர் கொடுத்தது. பேச்சு வராதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற டீச்சர். தேனி ஆஸ்பத்திரியில் வேலை, ஊர் உத்தமபாளையம். சனிக்கிழமை ஊருக்குப் போகிற வழியில் நம்ம சின்னமனூரில் இறங்கி, என் சம்சாரம் செல்லத்தாய்க்கு ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்துவிட்டு அடுத்த பஸ் பிடிக்கும். ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. வந்த முதல் நாளே என்னை மாமா என்றும் இவளை அத்தை என்றும் கூப்பிட்டுவிட்டது.

"தினம் அத்தை என்ன பேசுனாங்க, எத்தனை நிமிஷம் பயிற்சி செஞ்சீங்க. இது ரெண்டை மட்டும் எழுதுங்க மாமா. வேற எதுவும் வேணாம்."

எழுதுவது எனக்குப் பெரிய காரியம் இல்லை. ஆறாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் அந்தக் காலத்து ஆறாம் வகுப்பு இந்தக் காலத்து பி.ஏ.வுக்குச் சமம். என் கையெழுத்தைப் பார்த்து ஒரு கலெக்டர் எழுந்து நின்றிருக்கிறார்.

இன்று செல்லத்தாய் பேசியது: சரி.

காபி வேணுமா? சரி. கால் வலிக்குதா? சரி. உன் பேர் என்ன? சரி.

ஆடி மாசக் கடைசியில் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்தது. வலது கையும் பேச்சும் போயின. கை பாதி திரும்பிவிட்டது. பேச்சில் இந்த ஒரு வார்த்தை மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நாம் சொல்வது எல்லாம் அவளுக்கு விளங்கும், அவள் சொல்ல நினைப்பதுதான் வாய்க்கு வர மாட்டேன் என்கிறது. டீச்சர் அப்படித்தான் சொன்னது. "முதல் மூணு மாசம் முக்கியம் மாமா. அதுக்குள்ள வர்றது வேகமா வரும். அப்புறம் வராதுன்னு இல்ல, ரொம்ப மெதுவா வரும்."

கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம். இவள் 'சரி' என்று சொல்லி நான் கேட்டது மொத்தம் மூன்று தடவை. அதிலும் ஒன்று, பெண் பார்க்கப் போன அன்று அவங்க அப்பாவிடம் சொன்னது.

8-9, ஞாயிறு

பயிற்சி முப்பது நிமிஷம். ஒன்று முதல் பத்து வரை நான் சொல்ல, கூடவே அவள் வாய் அசைந்தது. ஐந்தில் நின்றுவிட்டது. இட்லிக்கு மாவு ஆட்டினேன். உளுந்து அளவு எனக்கு அத்துப்படி. இட்லி கொஞ்சம் கல்லாக வந்தது, ரேஷன் உளுந்து அப்படி.

இப்படி எண்ணச் சொல்லிக்கொண்டே இருந்தால் எனக்கே பேச்சு நின்றுவிடும் போல் இருந்தது. அதனால் எனக்குத் தெரிந்த வித்தையை எடுத்தேன். பேய்ப்படக் கதை.

என் சரித்திரத்தை இங்கே இரண்டு வரி எழுதிவைக்கிறேன், டீச்சருக்குத் தெரியாது. பூரணி டாக்கீஸை இருபத்தாறு வருஷம் நடத்தியவன் இந்த ஒச்சப்பன். முதலாளி என்று ஒருவர் இருந்தார், பேருக்கு. வாசலில் யார் உள்ளே போகலாம், யார் போகக்கூடாது என்று முடிவு பண்ணுகிற அதிகாரம் முழுக்க என்னிடம். அறுநூறு பேய்ப்படம் பார்த்திருக்கிறேன். தமிழில் மொத்தம் அத்தனை வந்திருக்கிறதா என்று கேட்கக்கூடாது.

பேசியது: சரி.

14-9, சனி

டீச்சர் நோட்டை வாங்கிப் படித்தது. படிக்கப் படிக்கத் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டது.

"மாமா, அத்தை என்ன சொன்னாங்கன்னு எழுதச் சொன்னா, பேய் என்ன சொல்லுச்சுன்னு எழுதி வச்சிருக்கீங்க."

"பேய்தானம்மா அதிகமாப் பேசுது, நான் என்ன செய்ய?"

செல்லத்தாய் சிரித்தாள். வாயின் இடதுபக்கம் மட்டும்தான் சிரிக்கும் இப்போது. ஆனால் சிரித்தாள். டீச்சர் உடனே நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"இதையே செய்யுங்க மாமா. தினம் ஒரு கதை. ஆனா ஒண்ணு, முடிக்கிற இடத்துல நிறுத்திட்டு அத்தை மொகத்தைப் பாருங்க. நீங்களா முடிச்சிராதீங்க. சும்மா இருக்கணும். முடியுமா உங்களால?"

"சும்மா இருக்கிறதுல எனக்கு மெடலே கொடுத்திருக்காங்க."

"ம்ம். எனக்கும் பேய்ப்படம்னா உசிரு மாமா. பார்க்க வேண்டியதா நாலு எழுதி, பக்கத்தை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. போன்ல தேடிப் பார்க்கிறேன்."

நல்ல குடும்பத்துப் பிள்ளை.

16-9, திங்கள்

டீச்சர் கேட்டபடி எழுதுகிறேன். பார்க்க வேண்டிய படங்கள்.

முதலில் நல்ல பேய்ப்படம் எது என்று கண்டுபிடிக்கும் வழி. வெள்ளைச்சேலை பார்த்து ஏமாறக்கூடாது. கொலுசுச் சத்தம், பூனை குறுக்கே ஓடுவது, ஜன்னல் அடிப்பது எல்லாம் காசு குறைந்தவன் வேலை. நான் கடைசி வரிசைக்குப் பின்னால் திரைச்சீலை ஓரம் நின்று படம் பார்த்தவன். அங்கே நின்றால் திரையைவிட ஜனங்களின் முதுகுதான் நன்றாகத் தெரியும். கேண்டீனில் விற்ற கைமுறுக்கு தேங்காய் உடைகிற மாதிரி சத்தம் போடும். இருநூறு பேர் கடித்தால் சோளக்காட்டில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் மொத்தமாக ஒரு நிமிஷம் நின்றால் அது நல்ல பேய்ப்படம். இரண்டு நிமிஷம் நின்றால் அது காவியம். இந்தக் கணக்கு எந்தப் பத்திரிகைக்காரனுக்கும் தெரியாது.

'ஈரச்சுவர்'. ஒன்றரை நிமிஷம். கோயில் திருவிழாவில் ஆரம்பிக்கும். ஒரு வீடு, ஒரு சுவர் மட்டும் கோடையிலும் ஈரமாகவே இருக்கும். அவ்வளவுதான். பேயே வராது. அந்த ஈரம் மெல்ல மெல்ல ஆள் உட்கார்ந்திருக்கிற உருவத்தில் பரவும். எங்கள் தியேட்டரில் ஒன்பது பேர் மயங்கி விழுந்து, நான்தான் ஒவ்வொருவராகத் தோளில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

'மச்சுவீட்டு மல்லிகா'. பட்டப்பகலில் வருகிற பேய். சமைக்கும், கோலம் போடும், யாருக்கும் தெரியாது. கடைசியில் கடலுக்குள் இறங்கிப் போய்விடுவாள். அழாதவன் மனுஷன் இல்லை.

'தறிச் சத்தம்'. பாழடைந்த வீட்டில் தினம் மத்தியானம் தறி ஓடும். மீதியைத் தனியாக எழுதுகிறேன், இப்போது ரசம் பொங்குகிறது.

செல்லத்தாய்க்கு இன்று 'ஈரச்சுவர்' சொன்னேன். முடிவில் நிறுத்தினேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். சரி என்றாள்.

18-9, புதன்

நாவல் சொல்ல மறந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக் கடையில் மாசா மாசம் தொங்குமே, பேய் நாவல், அது எங்கள் வீட்டில் நானூறு இருந்தது. அத்தனையும் நான் படித்தவன். அதாவது மத்தியானச் சாப்பாடு முடிந்து செல்லத்தாய் சத்தமாக வாசிப்பாள், நான் கண்ணை மூடிக்கொண்டு மேற்பார்வை பார்ப்பேன். இதில் 'குளிர்ந்த தலையணை' என்பதைக் கட்டாயம் படிக்கவும். புருஷன் செத்தபிறகும் தலையணையில் பள்ளம் விழுந்துகொண்டே இருக்கும். பயம் பாதி, பாசம் பாதி. அந்த மாதிரி எழுத இப்போது ஆள் இல்லை.

பரணில் தேடி அதை எடுத்து இன்று நானே வாசித்தேன். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம். அச்சு அவ்வளவு மோசம். நான் ஒரு இடத்தில் எழுத்துக் கூட்டிக்கொண்டு நின்றபோது செல்லத்தாய் இடதுகை விரலை அந்த வரியின் கீழே கொண்டுவந்து வைத்தாள். அப்புறம் அடுத்த வரிக்கு நகர்த்தினாள். கடைசிவரை எடுக்கவில்லை.

21-9, சனி

டீச்சர் செருப்பைக் கழற்றும் முன்னே சண்டைக்கு வந்தது.

"மாமா! 'மச்சுவீட்டு மல்லிகா' பார்த்தேன். கடலுக்குள்ள போவான்னு எழுதுனீங்க. படத்துல கடலே இல்லையே! மல்லிகா கடைசில பள்ளிக்கூடத்து டீச்சரா இருக்கா."

"அது வேற பிரிண்டு."

"'ஈரச்சுவர்' ஆரம்பத்துல கோயில் திருவிழான்னு சொன்னீங்க. ஆரம்பத்துல ரயில்தான் வருது."

"ரயில்ல திருவிழாவுக்குத்தான் போறாங்க."

அந்தப் பிள்ளை என்னையே பார்த்தது. "உண்மையைச் சொல்லுங்க மாமா. நீங்க எந்தப் படத்தையாச்சும் முழுசாப் பார்த்திருக்கீங்களா?"

இதை எழுதித்தான் ஆக வேண்டும். படம் ஆரம்பித்துக் கால் மணி நேரம்வரை லேட்டாக வருகிறவர்களுக்கு டிக்கெட் கிழிக்கிற பொறுப்பு என்னிடம் இருந்தது. முடிவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் ஐந்து கதவுக்கும் போய்த் தாழ்ப்பாள் நீக்கித் தயாராக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் நெரியும். அறுநூறு படத்துக்கும் தலையும் வாலும் நான் பார்த்ததில்லை. நடு உடம்பு மட்டும் மனப்பாடம்.

"அப்ப முடிவெல்லாம்?"

நான் செல்லத்தாயைக் காட்டினேன். படம் மாறுகிற வெள்ளிக்கிழமை மேட்னிக்கு ஸ்டாஃப் பாஸில் வருவாள். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை. அவள் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, வீட்டுக்கு நடக்கும்போது முடிவைச் சொல்லுவாள். அவள் சொன்னதில் நான் சிறு அலங்காரம் செய்து டீக்கடையில் சொல்லுவேன். அவ்வளவுதான் நடந்தது.

"சிறு அலங்காரம்! பொள்ளாச்சியில நடக்கிற படத்துக்குள்ள கடலைக் கொண்டாந்துட்டு சிறு அலங்காரமாம். அத்தை, இதையெல்லாம் எப்படித் தாங்குனீங்க?"

"சரி" என்றாள் செல்லத்தாய். அந்த 'சரி' கொஞ்சம் இழுத்து வந்தது. கேட்கவே ஒரு மாதிரி நன்றாக இருந்தது.

டீச்சர் போகும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொன்னது. "மாமா, இனிமே முடிவுல நிறுத்தாதீங்க. வேணும்னே தப்பாச் சொல்லுங்க. அத்தைக்குப் பொறுக்கக் கூடாது."

"தப்பாச் சொல்றதுக்கு நான் கொஞ்சம் பழகணுமே."

"அதுக்கெல்லாம் உங்களுக்குப் பயிற்சி வேணாம் மாமா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடியது.

24-9, செவ்வாய்

கேஸ் தீர்ந்து சோறு அரைவேக்காடு. அவள் சாப்பிட்டுவிட்டுச் சரி என்றாள். பழைய செல்லத்தாய் என்றால் தெருவே கூடியிருக்கும்.

26-9, வியாழன்

தப்பாகச் சொல்ல ஆரம்பித்து மூன்று நாள் ஆகிறது. 'ஈரச்சுவர்' பேய்க்கும் கதாநாயகனுக்கும் கல்யாணம் பண்ணிவைத்தேன். சரி. இரட்டைக் குழந்தை பிறந்தது என்றேன். சரி. ஒரு குழந்தை தாசில்தார் ஆனது என்றேன். சரி.

பின்கட்டுக்குப் போய்த் துணி துவைத்தேன். நேற்றுத் துவைத்த துணிதான். இருந்தாலும் இன்னொரு தடவை துவைத்தால் தப்பில்லை.

29-9, ஞாயிறு

இன்று நடந்ததை ஒரு எழுத்து கூட்டாமல் எழுதுகிறேன்.

மத்தியானக் குழம்புக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். நான் ஐந்து பல் உரித்தால் அவள் இடதுகையால் ஒன்று உரிப்பாள். 'தறிச் சத்தம்' கதையை ஆரம்பித்தேன். பாழடைந்த வீட்டில் தறி ஓடுகிறது. ஊர் பயந்து அந்தத் தெருப்பக்கமே போவதில்லை. மகளைக் காணோம் என்று அழுகிற ஒரு தாய் மட்டும் தினமும் அந்த வழியாகப் போய்வருகிறாள். இத்தனை நாளாக வேடிக்கையாகச் சொல்லிப் பலன் இல்லை என்பதால் இன்று சீரியஸாகவே சொன்னேன்.

"கடைசில பார்த்தா, அந்த ஆத்தாக்காரிதான் பேய். பெத்த மகளைக் கொன்னு தறிக்குழியில போட்டு, அது மேலயே உக்காந்து நெய்றா. கெட்ட பொம்பளை."

செல்லத்தாய் கை நின்றது. மூக்கு நுனி சிவந்தது. அது எனக்குத் தெரிந்த சிவப்பு. அடுத்த நிமிஷம் பூண்டுத் தட்டு என் மடியில் கவிழ்ந்தது.

"இ... இல்ல."

நான் சும்மா இருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இருந்தேன்.

"அம்மா... இல்ல. இல்ல!" தொடையில் அடித்துக்கொண்டாள். வார்த்தை தொண்டை வரை வந்து திரும்பிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. நானே சொல்லிவிடலாமா என்று நாக்குத் துடித்தது. சொல்லவில்லை.

"ஒளி... ஒளிச்சு. மக. ஒளிச்சு."

ஆமாம். அதுதான் முடிவு. பிடிக்காத கல்யாணத்துக்கு இழுத்துப்போக வந்தவர்களிடமிருந்து மகளை அந்த வீட்டுக்குள் ஒளித்துவைத்து, ஊர் கிட்டே வராமல் இருக்க அந்தத் தாயே தினம் போய்த் தறியை ஓட்டினாள். அதில் பேயே கிடையாது. முப்பது வருஷத்துக்கு முன் மார்க்கெட் தெருவில் நடந்துவரும்போது செல்லத்தாய்தான் எனக்குச் சொன்னாள். ஒரு தாயைப் போய்க் கெட்டவள் என்றதும் பொறுக்கவில்லை அவளுக்கு.

கண் கலங்கியது. பூண்டு உரித்தால் கலங்கும், இது விஞ்ஞானம்.

அந்தப் படம் எடுத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. பேர் வரும்போது நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். எங்கே இருந்தாலும் அவர் பிள்ளைகுட்டி நன்றாக இருக்கட்டும்.

30-9, திங்கள்

பேசியது: இல்ல (14), ச்சீ (2), அம்மா (1). 'சரி' வெறும் நான்கு.

காபி வேணுமா என்றேன். இல்ல என்றாள். எடுத்துக்கொண்டு போனால் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். பழையபடி குடும்பம் நடக்கத் தொடங்கிவிட்டது.

5-10, சனி

டீச்சர் கேட்டுவிட்டு செல்லத்தாய் கன்னத்தைப் பிடித்து முத்தம் வைத்தது. எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் பரிசு. அப்புறம் கொஞ்சம் யோசித்தது.

"மாமா, மறுத்துச் சொல்றது வந்துருச்சு. அடுத்து அவங்களா ஒரு விஷயம் சொல்லணும். நீங்க பாதி சொல்லி அவங்க மீதி சொல்றது வேற, ஒண்ணுமே இல்லாம அவங்களா ஆரம்பிக்கிறது வேற. இந்தக் கதையெல்லாம் உங்களுக்கும் தெரியும்னு அத்தைக்குத் தெரியும். எதுக்கு மெனக்கெட்டுச் சொல்லணும்? அத்தைக்குத் தெரிஞ்சு, உங்களுக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு வேணும்."

"எனக்குத் தெரியாததுன்னா..."

"கஷ்டந்தான் மாமா. தேடிப் பார்ப்போம்."

செல்லத்தாய் இதற்கும் சிரித்தாள்.

9-10, புதன்

காய்ச்சல். நூற்றிரண்டு. நாள் முழுக்கச் சரி, சரி, சரி.

10-10, வியாழன்

சரி.

12-10, சனி

காய்ச்சல் விட்டது. டீச்சர் தைரியம் சொன்னது. உடம்பு அசந்தால் பேச்சும் அசந்துவிடும், வந்தது எங்கும் போகாது என்றது. எனக்கு முன்பே தெரியும். பயப்படவில்லை. நான்கு நாளாக முகம் மழிக்க மறந்ததைத்தான் பயந்த முகம் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிட்டது.

சாயங்காலம் பூனை பால் சொம்பை உருட்டியதற்கு "ச்சீ, போ" என்றாள். பூனைக்கு ஒரு கிண்ணம் பால் தனியாக வைத்தேன்.

20-10, ஞாயிறு

தேனிக்கு மேட்னி போனோம். நான், செல்லத்தாய், டீச்சர். டாக்டரிடம் கேட்டு, நடுவில் சௌகரியமான சீட்டாகப் பார்த்து ஏற்பாடு செய்தது எல்லாம் டீச்சர். படம் 'உள்தாழ்ப்பாள்'. புதுப்படம். மூன்று பேருக்குமே கதை தெரியாது.

படத்தின் ஆரம்பத்தை உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் புதுசு. யார் யாருக்கு என்ன உறவு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள், எவ்வளவு வசதி! ஒரு பெரிய வீடு, புதுசாக வந்த மருமகள். மாடியில் ஒரு அறை. கதவு வெளியே பூட்டியிருக்கும், ஆனால் உள்ளேயும் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கும். இந்தக் காலத்தில் பொரிச்சோளம்தான் தின்கிறார்கள், சத்தமே வராத தீனி, அதனால் என் கணக்கு செல்லுபடி ஆகவில்லை. ஆனால் செல்லத்தாய் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வலது கையால். பயம் கூடக் கூட அந்தப் பிடியும் கூடியது. ஆடிக்குப் பிறகு அந்தக் கையில் அவ்வளவு பலம் இன்றுதான்.

மருமகள் சாவியோடு மாடி ஏறுகிறாள். முடிவு நெருங்குகிறது என்று என் காலுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷப் பழக்கம். மெல்ல அவள் விரலை விடுவித்துவிட்டு எழுந்தேன்.

"எங்க மாமா? இப்பப் போய்!" என்றது டீச்சர்.

"ஒண்ணுக்கு வருதும்மா. அவசரம்."

எனக்கு அவசரமெல்லாம் ஒன்றும் இல்லை. கதவுக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே மொத்தத் தியேட்டரும் வீல் என்று அலறியது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ரொம்ப நேரம் வரவே இல்லை. திரும்பி உள்ளே ஓடிப் பார்த்துவிடலாம் என்று ஆசை. கைப்பிடியைக்கூடத் தொட்டேன். போகவில்லை.

வெளியே வந்ததும் டீச்சரிடம் கேட்டேன். "என்னம்மா ஆச்சு கடைசில?"

"எனக்குத் தெரியாதுப்பா. நான் பயத்துல கண்ணை மூடிக்கிட்டேன்." அது என்னைப் பார்த்த பார்வையிலிருந்து கண்ணை மூடவே இல்லை என்று தெரிந்தது. இந்தப் பிள்ளைக்கு என் மகளாகப் பிறக்கிற யோகம் இல்லாமல் போய்விட்டது.

பஸ்ஸில் டீச்சர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. செல்லத்தாய்க்கு ஜன்னலோரம். நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெல் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீரபாண்டி தாண்டியது. இன்னும் ஒன்றும் இல்லை. கண்டக்டர் வந்து போனார். போச்சு, தப்புக் கணக்கு, பேசாமல் படத்தையாவது முழுசாகப் பார்த்திருக்கலாம் என்று நினைத்தேன்.

என் தொடையில் தட்டினாள்.

"பேய்... இல்ல."

நான் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுமோ என்று பயம்.

"நாத்தனா."

"நாத்தனாவா? மாடியில இருந்தது நாத்தனாவா?"

தலையை ஆட்டினாள். கையால் ஒரு தாழ்ப்பாளை இழுத்துக் காட்டினாள். "அவ... உள்ள. அவளே."

"அவளே பூட்டிக்கிட்டாளா? அப்ப மருமக செத்துட்டாளா?"

"சாகல."

"நாத்தனா செத்துட்டாளா?"

"சாகல!" மூக்கு நுனி சிவந்தது. "கேளு."

கேளுங்க என்பதில் 'ங்க' வரவில்லை. அது எதற்கு இப்போது, மெதுவாக வரட்டும்.

கேட்டேன். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு ஊர் போனது. சில வார்த்தை வேறு வார்த்தையாக வந்து, அவளே ச்சீ என்று தள்ளிவிட்டு வேறு எடுத்தாள். "பாவம்" என்றாள். "பூ" என்றாள். மருமகள் கதவைத் தட்டியதை என் முழங்காலில் மூன்று தடவை தட்டிக் காட்டினாள். முன் சீட்டுக்காரர் கதை கேட்கத் திரும்பி உட்கார்ந்துவிட்டார். டீச்சர் முன்னால் இருந்து திரும்பிப் பார்க்கவே இல்லை, ஆனால் துப்பட்டா முகத்துக்குப் போய்ப் போய் வந்தது. சின்னமனூர் வந்து நாங்கள் இறங்கியபோது நாத்தனார் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள். அதுவரை செல்லத்தாய் சொல்லி முடித்துவிட்டாள்.

இன்று பேசியது: எண்ணவில்லை.

பார்க்க வேண்டிய படம்: 'உள்தாழ்ப்பாள்'. பார்க்கிறவர்கள் கடைசிப் பத்து நிமிஷம் வெளியே வந்து நிற்கவும். வீட்டுக்காரியை உள்ளே உட்காரவைத்துவிட்டு நிற்கவும்.